நாத்தனாரின் நிறமும் நான்கு மென்பொருள்களும்

என் கணவருக்கு ஒரு பொருளைப் பயன்படுத்துவதைவிட அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் ருசி அதிகம். குத்தாலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எங்கள் மிக்ஸி பழுதாகிப் புதியது வாங்க வேண்டும் என்று நான் சொன்ன வருடம், எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி முழுவதும் பக்கத்து வீட்டு மிக்ஸியில்தான் அரைபட்டது. இவர் மாலைதோறும் மோட்டார், ஜார், பிளேடு என்று படித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரே பொறுக்க முடியாமல், "நாங்க வச்சிருக்கறது நல்லாத்தான் உழைக்குது சார்" என்று சொல்ல, அதையே வாங்கினோம்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன். "மிக்ஸிக்கு இவ்ளோ நாள் எடுத்துக்கறீங்க. என்னைப் பாக்க வந்தப்ப மட்டும் ஒரு காபி குடிக்கிற நேரத்துல சரின்னு சொல்லிட்டீங்களே, எப்படி?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "அப்ப ஒப்பிட்டுப் பாக்க வேற எதுவும் இல்லையே" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் வேளாண்மைத் துறையில் இருக்கிறேன். வயல் வயலாகப் போய்ப் பயிரைப் பார்த்து, என்ன உரம் போடலாம், என்ன மருந்து அடிக்கலாம் என்று சொல்லும் வேலை. இலை சுருண்டு கிடக்கும்போது வரப்பில் நின்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. அன்றைக்கே ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அவசரம் என் பங்கு, ஆராய்ச்சி அவர் பங்கு என்று எப்போதோ பிரிந்துவிட்டது.

கேமரா வந்தது ஓர் ஆடி மாதம். மயிலாடுதுறையில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் அவருடைய பள்ளித் தோழர் அதைக் கொண்டுவந்தார். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பெரிய கறுப்புப் பையைத் திறந்து, கேமராவையும் லென்ஸையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"எதுக்கு அண்ணே குடுக்கறீங்க? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு. அங்க இருந்தப்ப முதல் வாரம் பாலைவனத்தை எடுத்தேன். அடுத்த வாரமும் பாலைவனத்தை எடுத்தேன். அதோட அலுத்துப்போச்சு. ஊருக்கு வந்தா கடையை விட்டு நகர முடியல. இவன்தான் சனி, ஞாயிறு சும்மா இருக்கான்."

என் கணவர் அதை மறுக்கவில்லை. ஏற்கெனவே லென்ஸ் வழியாக எங்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வாய்க்கால் பக்கம் போய்விட்டார். மேட்டூர்த் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தியை எடுத்துவிட்டு, ஏதோ விருது வாங்கியவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். கேமராவைக் கணினியில் சொருகினார். படம் வரவில்லை. பெயர் மட்டும் வந்தது. திறக்கச் சொன்னால், இதைத் திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று கணினி கைவிரித்தது.

தோழருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அது ரா ஃபைலுடா. நான் அப்படித்தான் செட் பண்ணி வச்சிருந்தேன். போன்ல எடுக்கறது சமைச்ச சோறு மாதிரி, அப்படியே சாப்பிடலாம். இது நெல்லு. நீதான் அவிச்சு, அரைச்சு, பொங்கி எடுத்துக்கணும். அதுக்குத் தனியா மென்பொருள் இருக்கு."

"எந்த மென்பொருள்?"

"நிறைய இருக்கு. உனக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்க."

அந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் கணவரிடம் போய் 'நிறைய இருக்கு' என்று சொல்லலாமா? நான் உடனே அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அண்ணே, ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்க, போதும்" என்றேன். அதற்குள் இவர் நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அவருடைய கண்ணில் இருந்த ஒளியை நான் மிக்ஸி காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆவணி முழுவதும் படித்தார். படித்து, தள்ளி, கடைசியில் நான்கு மென்பொருள்களில் வந்து நின்றார். நான்கையும் நான் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எனக்காகப் பெயர் வைத்தார். மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்த வேண்டியது வாடகைக்காரர். ஒரே தடவை விலை கொடுத்து வாங்கிக்கொள்வது விலைக்காரர். கேமரா செய்த கம்பெனியே இலவசமாகத் தருவது சம்பந்தி. உலகம் முழுவதும் யார் யாரோ ஆர்வத்தால் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுப்பது பொதுக்காரர். சில நாட்களில் எங்கள் வீட்டில் நான்கு பேர் கூடுதலாகக் குடியிருப்பது போலவே ஆகிவிட்டது. "இன்னிக்கு விலைக்காரர் எப்படி இருக்கார்?" என்று காபி கொடுக்கும்போது நானே விசாரிக்கத் தொடங்கினேன்.

"வெளிச்சத்தை நல்லா மீட்டுக் குடுக்கறார். ஆனா நம்ம லேப்டாப்பைப் போட்டுப் படுத்தறார்" என்பார். அது எனக்கே தெரியும். விலைக்காரரைத் திறந்தால் லேப்டாப்பின் விசிறி நெல் தூற்றுவது மாதிரிச் சத்தம் போடும்.

நான்கையும் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரே மீன்கொத்திப் படம். வாடகைக்காரரிடம் அந்தப் பறவை பட்டுப்புடவை நீலத்தில் வந்தது. சம்பந்தியிடம் பள்ளிச் சீருடை நீலம். விலைக்காரர் அதில் கொஞ்சம் பச்சை கலந்தார். பொதுக்காரர் முதலில் எதுவும் செய்யாமல், மழைக்கால வானம் மாதிரி மங்கலாகக் கொடுத்தார். நாமே ஒவ்வொரு பொத்தானாக இழுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டுமாம். ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் அந்தப் பறவை நிறம் மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் அவர் எடுத்த மற்ற படங்கள், கோயில் குளம், நாற்றங்கால், என் தங்கை குழந்தையின் பிறந்தநாள் எல்லாம் திறக்கப்படாமல் கிடந்தன. தங்கை கேட்டபோது, "நெல்லாத்தான் இருக்கு, இன்னும் அரிசியாகல" என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"இதுல எது அசல் நீலம்?" என்று ஒருநாள் நான்கையும் திரையில் வைத்துக் கேட்டார்.

"அந்தப் பறவையைத்தான் கேக்கணும்."

"விளையாடாதே."

"நிஜமாத்தாங்க சொல்றேன். அது பறந்துபோய் ரெண்டு மாசம் ஆச்சு. எதோட ஒப்பிட்டு நான் சொல்றது?"

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தார். இவருடைய அக்கா. கணவர் இறந்தபிறகு ஊரில் நிலத்தைத் தனியாகவே சாகுபடி செய்துகொண்டிருப்பவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வேலை விஷயமாகவும் அவர் வயலுக்குத்தான் அதிகம் போவேன், ஏனென்றால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாகச் செய்யாத சில விவசாயிகளில் அவர் ஒருவர். தம்பி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். இவர் வாடகைக்காரரைப் பற்றி விளக்கினார். மாதம் தவறாமல் கட்ட வேண்டும், கட்டாமல் நிறுத்தினால் படத்தைத் திருத்த விடமாட்டார்கள் என்றார்.

"படத்தை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"கேமரா?"

"நம்மளது."

"அப்புறம் ஏன்டா நம்ம வயலுக்கு நாமளே குத்தகை கட்டணும்?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் கீரை நறுக்கிக் கொடுக்க வந்துவிட்டார். வாடகைக்காரருக்கு அன்றைக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அவரை வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் இல்லை, வானம் முழுக்க வெளிர் மேகம். அண்ணியின் சம்பா பயிரைப் பார்க்க நான் போனேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு இவரும் வந்தார்.

எங்கள் துறையில் இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெள்ளை விளிம்பு போட்ட சின்ன பிளாஸ்டிக் அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்து எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், பயிருக்கு யூரியா போட வேண்டுமா, பொறுக்கலாமா என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு அட்டையை அண்ணியிடமே கொடுத்து, இலையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் நல்ல கோணம் தேடி வயலுக்குள் காலை வைத்துவிட்டார். அண்ணி நிமிர்ந்தார். பாதி அதட்டல், பாதி சிரிப்பு.

"தம்பி, வரப்புல நின்னு எடு. அங்க பயிர் இருக்கு."

அவர் அதைச் சொன்ன நொடியில் இவர் கேமராவை அழுத்தியிருந்தார். அப்புறம்தான் காலை எடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை நான்கு பேரிடமும் ஏற்றிவைத்தார். ஏற்றிவைத்ததோடு சரி.

மார்கழிக் கடைசியில் அண்ணியின் ஊரில் பாசன சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணியே தலைவராக வந்துவிட்டார். முந்தின கோடையில் அவர்தான் பொதுப்பணித் துறைப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் நடந்து, எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்று காட்டியவர். வாய்க்காலைத் தூர் வாரினார்கள். பல வருடம் கழித்துக் கடைமடைக்குத் தண்ணீர் போனது. அந்த நன்றியில் கடைமடைக்காரர்கள்தான் அவரை நிற்கவைத்தார்கள். பொங்கலன்று பாராட்டுக் கூட்டம் என்றார்கள். பாராட்டு என்றால் ஃப்ளெக்ஸ் இல்லாமல் முடியாது. எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், காலமானாலும் ஃப்ளெக்ஸ்.

அண்ணியிடம் படம் கேட்டார்கள். அவரிடம் ஆதார் அட்டையில் இருந்த படம்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஊர் இளைஞர்கள், "வேற ஏதாவது இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார்கள். அண்ணி தம்பிக்கு ஃபோன் செய்தார்.

"அன்னிக்கு வயல்ல ஒண்ணு எடுத்தியே, அது வந்துடுச்சா?"

"வந்துட்டே இருக்குக்கா."

"கார்த்திகைல எடுத்தது. கன்னுக்குட்டியே பொறந்து நடந்துடும்டா. நாளன்னிக்குக் காலைல ஃப்ளெக்ஸ் கடைக்குக் குடுக்கணுமாம்."

அன்று மாலை நான்கு மென்பொருள்களும் திறந்தன. திரையை நான்காகப் பிரித்து வைத்தார். வாடகைக்காரர் அண்ணியை ரோஜா நிறத்தில் கொடுத்திருந்தார். சம்பந்தி மஞ்சள் பூசியிருந்தார். விலைக்காரரிடம் கொஞ்சம் சாம்பல். பொதுக்காரரிடம் முகம் சரியாக இருந்தது போல் இருந்தது, ஆனால் பின்னால் இருந்த பயிர் நீலம் அடித்தது. இவர் ஒரு பொத்தானை வலப்பக்கம் இழுத்தார், இடப்பக்கம் இழுத்தார்.

"இதுல எது அக்கா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

நான் நன்றாகப் பார்த்தேன். "நாலு பேருமே அண்ணியோட சொந்தக்காரங்க மாதிரி இருக்காங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைத் தவறாகக் காட்டிவிடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் நானும் கேலியைக் கொஞ்சம் நிறுத்திவைத்தேன்.

மறுநாள் அவருக்குப் பள்ளியில் விடைத்தாள் வேலை. நான் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கைப்பையைக் கவிழ்த்து எதையோ தேடும்போது இலை வண்ண அட்டை மேஜையில் விழுந்தது. திரையில் அண்ணி, கையில் அதே அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னை அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்தேன். நான்கில் பொதுக்காரரின் சன்னல்தான் திரையில் மற்றவற்றை மறைத்துக்கொண்டு மேலே இருந்தது, அதனால் அதிலேயே தொடங்கினேன். எங்கள் வீட்டின் மிகப் பெரிய தேர்வு இப்படித்தான் நடந்தது. வெள்ளையைச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு. படத்தில் எது வெள்ளை என்று தொட்டுக் காட்டினால், அதை வைத்து மற்ற எல்லா நிறங்களையும் அது திருத்திக்கொள்ளும். இவர் பலமுறை விளக்கியிருந்ததால் எனக்கே மனப்பாடம். படத்திலிருந்த அட்டையின் வெள்ளை விளிம்பைத் தொட்டேன். பயிரிலிருந்த நீலம் போய்விட்டது. அசல் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பச்சைக் கட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினேன். கட்டங்கள் ஒத்து வந்தன. அது என் அன்றாட வேலை, கண் பழகிவிட்டது.

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அண்ணி நல்ல கறுப்பு. அந்த மேக வெளிச்சத்தில் கன்ன எலும்பின் மேல் மட்டும் மெல்லிய பளபளப்பு. மூக்குத்திக்குப் பக்கத்தில் சின்ன வயதில் விழுந்த அம்மைத் தழும்பு, அதட்டும்போது ஒருபக்கம் மட்டும் ஏறும் புருவம் எல்லாம் இருந்தன. வாரத்துக்கு ஒருநாளாவது பார்க்கிற முகம்தான். ஆனாலும் நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

கணவர் வந்து, பையை வைக்காமலே திரையைப் பார்த்தார்.

"இது அக்கா" என்றார்.

"ஆமா."

"எதுல செஞ்சே?"

"பொதுக்காரர்கிட்ட."

"எப்படி?"

அட்டையைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தெரிஞ்ச மதிப்பு ஒண்ணாவது இருந்தாத்தான் சமன்பாட்டைத் தீர்க்க முடியும். இது கூட எனக்குத் தோணலையே" என்று தலையில் தட்டிக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குச் சொல்கிற அதே குரல். பிறகு சும்மா இருப்பாரா? மற்ற மூன்றையும் திறந்து, அதே வெள்ளை விளிம்பைத் தொட்டு, அதே அட்டையை வைத்துச் சரிசெய்தார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், திரையில் நான்கு அண்ணிகளும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருந்தார்கள். இவர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது" என்றார்.

"நல்லதுதானே."

"அப்ப நான் ஆடிலேர்ந்து எதைத்தான் தேர்ந்தெடுத்துக்கிட்டு இருந்தேன்?"

தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன். பாவம், அதையும் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை இருவரும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இவரிடம் படித்தவர். கணக்கில் இவரிடம் நிறையத் திட்டு வாங்கியிருப்பார் போல, பார்த்ததும் எழுந்து நின்றார். படத்தைத் திறந்தார். "சூப்பரா இருக்கு சார்" என்றார். சொல்லிக்கொண்டே, கை தானாக ஒரு பொத்தானுக்குப் போனது. அண்ணி கண்ணெதிரே வெளுத்தார்.

"என்னப்பா பண்றே?"

"கொஞ்சம் ஃபேர் பண்றேன் சார். எல்லாருக்கும் செய்யறதுதான்."

"வேண்டாம். பழையபடி வை."

"சார், ஃப்ளெக்ஸ்ல ஏறும்போது இன்னும் இருண்டுடும். ரோட்லேர்ந்து பாத்தா ஆள் அடையாளம் தெரியாது."

"அடையாளம் தெரியணும்னுதான் நானும் சொல்றேன்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மை ஏறினால் இருளும் என்பது அவருடைய அனுபவம். அதை இவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் எவ்வளவு இருளும் என்று கேட்டார். அது யாருக்கும் தெரியவில்லை. உடனே என் கணவர் மேஜைமேல் கையை ஊன்றினார். அரை வருடமாக ஒன்றையும் முடிவுசெய்யாத மனிதர், அந்தக் கடையில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றில் இதே முகத்தைச் சின்னதாக, வெளிச்சத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி வரிசையாக அச்சடிக்க வேண்டும், நிறத்தைத் தொடக்கூடாது, எது சரியோ அதைப் பெரிதாகப் போட வேண்டும்.

"இப்பவும் பரீட்சை வைக்கிறீங்களே சார்" என்றார் கடைக்காரர். ஆனால் செய்தார். துண்டு வந்ததும் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் அட்டையோடு வைத்துப் பார்த்தோம். வரிசையில் மூன்று பேரும் ஒரே முகத்தைத்தான் சுட்டிக்காட்டினோம். அதில் கடைக்காரருக்கும் சந்தோஷம். தன் ஃபோனில் அந்தத் துண்டைப் படம்கூடப் பிடித்துக்கொண்டார்.

பொங்கலன்று ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் நின்றது. பயிருக்கு நடுவில் அண்ணி, கையில் அட்டையும் இலையும். நான் முதல்முறையாக ஒரு ஃப்ளெக்ஸை நின்று பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். நீண்டநேரம் பார்த்தார். என் கணவர் பாராட்டுக்குத் தயாராகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன்டா தம்பி, ஊர்ல ஒவ்வொருத்தனையும் பாலுல முக்கி எடுத்த மாதிரி போடறாங்க. எனக்கு மட்டும் என்னடா வஞ்சனை?"

இவர் முகம் வாடிவிட்டது. நான்தான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மென்பொருள், வெள்ளை விளிம்பு, அட்டையை வைத்து நிறம் பார்த்தது, கடையில் நடந்த பரீட்சை.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். "இலைக்குப் பாக்கற அட்டையை வச்சா என்னைப் பாத்தீங்க?"

"ஆமா அண்ணி."

"அப்ப எனக்கு யூரியா போடணுமா, பொறுக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இவரும் கடைசியில் சிரித்தார்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கடைமடைக் கிராமங்களிலிருந்து ஒரு வேன் வந்தது. அண்ணி வாய்க்காலோடு நடந்து போனபோது அவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்ததால் அவரை நேரில் பார்த்ததில்லை. முகப்பில் இறங்கி ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள். பிறகு நேராகப் பந்தலுக்குள் வந்து, அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணியின் முன்னால் போய் நின்றார்கள். யாரையும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் கையைக் கூப்பி, "நம்ம பக்கம் தண்ணி வந்துச்சும்மா, பயிர் கதிர் விட்டுடுச்சு" என்றார். அண்ணி கையிலிருந்த சோப்பு நுரையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க, முதல்ல காபி சாப்பிடுங்க" என்றார். மேடையில் போர்த்திய சால்வையைவிட அந்த நிமிடம் அவருக்குப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் படத்தைச் சின்னதா ஒண்ணு போட்டுக் குடு. வீட்ல மாட்டணும். கல்யாணப் படத்தைத் தவிர என் படம்னு அங்க ஒண்ணுமில்ல."

"கொஞ்சம் வெளுப்பாப் போடட்டுமாக்கா?" என்று இவர் பயந்துகொண்டே கேட்டார்.

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும். பின்னாடி என் வரப்பு முழுசாத் தெரியணும், அதை மட்டும் பாத்துக்க."

அதற்கப்புறம் வாடகைக்காரரும் விலைக்காரரும் எங்கள் வீட்டைக் காலிசெய்தார்கள். சம்பந்தியும் போய்விட்டார். துபாய் அண்ணன் ஒருநாள் ஃபோன் செய்து, தன் மருமகனும் ஒரு கேமரா வாங்கியிருக்கிறார், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டார். இவர் கூடத்தில் நடந்தபடி பதில் சொன்னது சமையலறைக்கு நன்றாகவே கேட்டது. "நான் நாலையும் ஆழமா ஒப்பிட்டுப் பாத்துட்டேன்டா. எல்லாக் கோணத்துலேர்ந்தும் யோசிச்சு, கடைசியா ஒண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கேன்." பொதுக்காரரின் சன்னல் அன்றைக்கு மேலே இருந்தது என்பதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

மாசியில் அண்ணியின் வயலில் அறுவடை. இவர் இயந்திரத்தையும் களத்தில் கொட்டிக்கிடந்த நெல்லையும் எடுத்து, அன்று மாலைக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்து அண்ணிக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி. கொஞ்ச நேரத்தில் அண்ணியிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"தம்பி, படம் நல்லா வந்திருக்கு. நெல்லு இங்க இன்னும் ஈரமாக் கெடக்கு, உன் படத்துல நல்லாக் காஞ்சு தெரியுது. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்கறவங்களுக்கு நெல்லுக்குப் பதிலா இதையே அனுப்பிடலாமான்னு கேட்டுச் சொல்லு."

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்து, மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தார்.